பச்சை டேப்

முதலில் தண்ணீர் குடியுங்கள் சார். ஈப்போ டவுனிலிருந்து இந்தக் குனோங் ராபாட் தூரமில்லை. ஆனாலும் மத்தியான வெயிலில் மோட்டார் சைக்கிளில் வந்தால் யாருக்கும் நாக்கு வறண்டுவிடும். பின்னால் இருக்கும் சுண்ணாம்பு மலை பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு சாயங்காலம் இந்த வீட்டுக்குள் விடும். ஃபேனை உங்கள் பக்கம் திருப்பிவிட்டேன். வசதியாக உட்காருங்கள்.

உங்களை நான்தான் கூப்பிட்டேன். என் மனைவி நித்யகல்யாணி மலைமேல் இறந்ததைப் பற்றிப் பல்கலைக்கழகத்துக்காக விசாரிப்பவர் நீங்கள். அவள் கையிலிருந்த ரேடியோ வேலை செய்யாததால் உதவி வரவில்லை என்றும், அந்த ரேடியோவின் பேட்டரிகளுக்குப் பொறுப்பாளர் அவள் குழுவில் இருந்த ஹைகல் என்றும் உங்கள் அறிக்கையில் எழுதப்போவதாகக் கேள்விப்பட்டேன். அப்படி எழுதினால் ஹைகலுக்கு வேலை போகும். இந்தத் துறையில் வேறு எவரும் அவரைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் நான் பேசிவிடுவது நல்லது என்று தோன்றியது.

என் வேலை கோல்ட் ரூம் கட்டுவது. மீன், கோழி, பீடோர் கொய்யா, எது கெட்டுப்போகுமோ அதற்கு ஒரு குளிர் அறை. எங்கள் கம்பெனியின் சொந்த கோல்ட் ரூம் பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டுப் புகை போட்ட கட்டடம் அது. சுவர் மட்டும் பழசு, உள்ளே எல்லாம் நாங்கள் போட்டது. மழைக்காலத்தில் இன்னும் கொஞ்சம் புகை வாசம் வரும்.

நித்யா அந்தத் தோட்டத்துக்கு எதிர்ப்புறம் வளர்ந்தவள். அவள் அப்பா விஸ்வநாதன் பத்து காஜாவில் மருந்துக்கடை வைத்திருந்தார். சின்ன வயதில் அவள் அந்தப் புகையைப் பார்த்து, இது எங்கே போய் இறங்குகிறது என்று கேட்பாளாம். பெரியவளான பிறகும் அந்தக் கேள்வியை விடவில்லை. கெமிஸ்ட்ரி படித்தாள். காடு எரிந்து வரும் புகைமூட்டத்தைப் பல வருஷம் ஃபில்டரில் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். அந்தப் புகையில் ஒரு பங்கு இமயமலைப் பக்கம் போய்ப் பனிமேல் விழுகிறதா என்று பார்க்க ஒரு குழு அமைத்தார்கள். அவள் போனாள். அதற்குப் பிறகு அவளுக்குப் பனிதான்.

சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். ஐஸைச் சீவிப் பாகு ஊற்றித் தரும் ஐஸ் காச்சாங் தவிர வேறு பனியைப் பார்க்காத ஊரிலிருந்து பனி விஞ்ஞானியா என்று. அவளும் சேர்ந்து சிரிப்பாள். "அந்த ஐஸ் காச்சாங்கையும் ஒரு பாட்டில்ல போட்டுக் குடுங்க, டெஸ்ட் பண்ணிச் சொல்றேன். அப்புறம் நீங்க யாரும் சாப்பிட மாட்டீங்க" என்பாள்.

அவள் வேலையை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். பனி விழுந்த பிறகு சும்மா கிடப்பதில்லை. காற்றில் இருப்பதை உறிஞ்சிக்கொள்கிறது. வெயில் பட்டதும் அதில் கொஞ்சத்தை வேறு வாயுவாக மாற்றித் திரும்பக் காற்றுக்கே கொடுக்கிறது. இது முன்பே தெரிந்த விஷயம்தான். எங்கள் பக்கத்துப் புகை கலந்த பனி எவ்வளவு வாங்குகிறது, எவ்வளவு கொடுக்கிறது என்று அளப்பது அவள் வேலை. வருஷா வருஷம் நேபாளத்தில் ஒரு பள்ளத்தாக்குக்கு மேலே போய்ப் பனியில் குழி வெட்டி, அடுக்கு அடுக்காக எடுத்து வருவாள். அவள் கட்டுரைகளை வெளிநாட்டில் படித்தார்கள். கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். நான் படித்தவன்தான் சார். மனைவி பெயர் வெளியே வந்தால் பொறுக்காத ஆள் இல்லை.

எனக்கு உறுத்தியது தாலி.

மலைக்குப் புறப்படுவதற்கு முன் அவள் தாலிச் சங்கிலியைக் கழற்றிச் சாமி அலமாரியில் வைத்துவிடுவாள். நகரத்தார் வீட்டுப் பெண் சார். என் அம்மா குளிக்கும்போதுகூடக் கழற்றியதில்லை. கேட்டால், பனியில் இருக்கும் உலோகத்தை அளக்கிறோம், தங்கம் உரசினால்கூட மெஷினில் தெரிந்துவிடும் என்றாள். உலோகம் மட்டுமா என்றால் அதுவும் இல்லை. போவதற்குப் பல நாள் முன்பே தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்திவிடுவாள். மல்லிகை கிடையாது, பவுடர் கிடையாது, வாசனை சோப் கிடையாது. துணியை வெறும் தண்ணீரில் அலசுவாள். பனி எல்லா வாசத்தையும் இழுத்துக்கொள்ளுமாம். மூச்சுக்காற்று பட்டாலே கெட்டுப்போகுமாம். அதனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு எதிர்முகமாக நின்றுதான் எடுக்க வேண்டும், கூட இருப்பவரும் பக்கத்தில் ஒட்டி நிற்க வேண்டும், இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும் என்றாள்.

கூட இருப்பவர் ஹைகல். நீங்கள் அவரைப் பார்த்திருக்கிறீர்கள். அவளைவிட இளையவர், அவளை அக்கா என்று கூப்பிடுவார். அக்கா என்று கூப்பிடுகிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அதை விட்டுவிடுவோம்.

திரும்பி வரும்போது அவள்மேல் எந்த வாசமும் இருக்காது. வியர்வை வாசம்கூட. கதவைத் திறந்து விடுவேன், ஒரு காலி பாத்திரம் உள்ளே வருகிற மாதிரி இருக்கும். ஒரு மனிதன் யோசிக்கத்தானே செய்வான்? எதுவும் மிச்சமில்லாமல் கழுவிக்கொண்டு வருகிறவள் எதைக் கழுவினாள் என்று.

நான் சண்டை போடவில்லை. கை நீட்டவில்லை. ஃபோனைத் திறந்து பார்த்தது உண்மை. அதில் பனி, குழி, பாட்டில், காற்றின் வேகம், இவ்வளவுதான் இருந்தது. அவ்வளவு சுத்தமாக இருந்ததே எனக்குச் சரியாகப் படவில்லை.

இப்போது பேட்டரிக்கு வருகிறேன்.

எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. உங்கள் பல்கலைக்கழகத்துக்கு அது தெரியாது, எந்த விதியிலும் இல்லை. சாதாரணச் சூட்டில் எல்லா பேட்டரியும் நல்ல பேட்டரிதான். விளக்கு எரியும், முழு சார்ஜ் காட்டும். குளிரில் போட்டால்தான் எது தாங்கும், எது படுத்துவிடும் என்று தெரியும். மலைக்கு மேலே போய் அதைத் தெரிந்துகொள்வதில் பிரயோஜனம் இல்லை. அதனால் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் ரேடியோ பேட்டரிகளை எல்லாம் என்னிடம் கொடுத்துவிடுவாள். நான் அவற்றை கோல்ட் ரூமில் மைனஸ் இருபதில் ஒரு பகல் முழுக்க வைத்து, ரேடியோவில் போட்டுப் பேசும் பொத்தானை அழுத்திப் பார்ப்பேன். தாங்கியதில் பச்சை டேப் ஒட்டுவேன். தாங்காததைக் கம்பெனியில் பழைய பேட்டரி போடும் பெட்டியில் போட்டுவிடுவேன்.

"மத்தவங்க கம்பெனி சீல் பாத்து வாங்குவாங்க. நான் உங்க பச்சை டேப்ப மட்டுந்தான் நம்புவேன்" என்று அவள் சொல்வாள். ஹைகலும் அப்படித்தான். பேட்டரிகளை மூட்டை கட்டுவது அவர் பொறுப்பு. பச்சை டேப் இருக்கிறதா என்று பார்ப்பார், கட்டுவார். அதற்கு மேல் அவர் பார்க்க வேண்டியதில்லை. பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. ஈப்போவில் எல்லாம் நன்றாகத்தான் எரியும்.

கடைசிப் பயணத்துக்கு முன் அவள் ஒரு செய்தி சொன்னாள். அந்தப் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்க இயங்கும் ஒரு நிலையம் அமைக்கிறார்கள், அதற்கு அவளைத் தலைமையாகப் போடப் போகிறார்கள் என்று. இரண்டு வருஷம் அங்கே இருக்க வேண்டும். இந்தப் பயணத்தில் எடுக்கும் அளவுகள் சரியாக வந்தால் உறுதியாகிவிடும்.

"நீங்களும் வாங்க லா. அங்க சாம்பிள் வைக்கிற ரூமுக்குக் குளிர் தெரிஞ்ச ஆளு வேணும். உங்களவிட யாரு இருக்கா?"

நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான் வர மாட்டேன் என்று தெரிந்துதான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். வரச் சொல்லாமல் இருந்தால் சந்தேகம் வரும் அல்லவா?

அந்த வாரம் சாப்பிட அமலின் கடைக்குப் போனேன். அமல் ஹைகலின் மனைவி. அவர்கள் குடும்பம் டவுனில் உணவுக்கடை வைத்திருக்கிறது, அமல்தான் கல்லாவில் இருப்பார். எனக்கு மீன் தலைக் கறி பிடிக்கும் என்று தெரியும், கேட்காமலே எடுத்து வைப்பார். இருவரும் மலைக்குப் போயிருக்கும் மாதங்களில் நான் அங்கேதான் சாப்பிடுவேன்.

"வாங்கண்ணே. நம்ம ரெண்டு பேரும் ஒரு சங்கம் வைக்கலாம் லா. பனிமலைக்கு ஆளக் குடுத்தவங்க சங்கம். நீங்க தலைவரு, நான் பொருளாளர்."

"ஏன், நீங்க தலைவரா இருங்களேன்" என்றேன்.

"தலைவருக்குப் பேச்சுத்தான்ணே. கல்லா பொருளாளர்ட்டதான் இருக்கும்."

சிரித்தேன். பேச்சுவாக்கில் அவர் தன் கழுத்துச் சங்கிலியை எடுத்துக் காட்டினார். அதில் ஒரு வெள்ளி மோதிரம் கோத்திருந்தது.

"இவரு மோதிரம். போறதுக்கு முன்னாடி கழட்டி என்கிட்ட குடுத்துருவாரு. அத்தர் கூடாது, ஷாம்பு கூடாது, எண்ணெய் கூடாது. ஒரு வாரத்துக்கு மனுஷன் பச்சத் தண்ணி மாதிரி ஆயிடுவாரு. மொத தடவ எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. நித்யா அக்காகிட்டயே கேட்டுட்டேன். அவங்க ஒரு பேப்பர எடுத்துக் காட்டுனாங்க, உலகத்துல எல்லாரும் இப்படித்தான் எடுக்குறாங்கன்னு. நீங்களும் கேட்டிருப்பீங்க இல்லண்ணே?"

கேட்டேன் என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில் நிதானமாக யோசித்தேன். ஒரே காரணத்தை இரண்டு வீட்டிலும் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் ஒரு வார்த்தை மாறவில்லை. உண்மையென்றால் எங்காவது கொஞ்சம் பிசகும். இவ்வளவு பொருத்தமாக இருக்கிறதென்றால் பேசி வைத்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். அமல் நல்ல பெண், எதையும் நம்பிவிடுவார்.

மறுநாள் பேட்டரிகளை கோல்ட் ரூமில் வைத்தேன்.

எப்போதும்போலச் சில தாங்கின, சில தாங்கவில்லை. இரண்டு குவியலாகப் பிரித்தேன். தாங்காத குவியலில் இருந்தவற்றுக்குப் பச்சை டேப்பை ஒட்டினேன். அவ்வளவுதான் சார் நான் செய்தது. எதையும் உடைக்கவில்லை, எதையும் மாற்றவில்லை. டேப்பைச் சுருக்கம் விழாமல் ஒட்டினேன். நல்ல பேட்டரிகள் இதோ இந்தப் பையில் இருக்கின்றன. நீங்கள் எடுத்துக்கொண்டு போகலாம்.

என் கணக்கு எளிமையானது. அவர்கள் குழுவுக்கு ஒரு விதி உண்டு. அதை எழுதியவளே நித்யாதான். ரேடியோ பேசவில்லையென்றால் வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் கீழே இறங்கிவிட வேண்டும். இறங்கினால் அளவுகள் வராது. அளவுகள் வராவிட்டால் நிலையம் வேறு யாருக்காவது போகும். அவள் வீட்டுக்கு வருவாள். கொஞ்ச நாள் அழுவாள், நான் பக்கத்தில் இருப்பேன். தலைக்கு எண்ணெய் வைப்பாள். ஒரு கணவன் இதற்கு ஆசைப்படுவது பெரிய குற்றம் என்று எனக்கு அப்போது படவில்லை.

மேலே நடந்தது உங்களுக்குத் தெரியும். கீழ்முகாமில் நல்ல வெயில், ரேடியோ பேசியது. மேல்முகாமில் குளிர். ஹைகல் சாம்பிள் பெட்டிகளோடு கீழே இறங்கியிருந்தார். மேலே அவளும் அந்த ஊர் வழிகாட்டியும் மட்டும். அவளுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. அந்த உயரத்தில் யாருக்கும் வரக்கூடியது. ரேடியோ படுத்தபோது அவளால் நடந்து இறங்கவும் முடியவில்லை, அவளைத் தனியே விட்டுவிட்டு வழிகாட்டியாலும் போக முடியவில்லை. அன்று பிற்பகல் வரை வானம் தெளிவாக இருந்தது, கூப்பிட்டிருந்தால் ஹெலிகாப்டர் வந்திருக்கும். வழிகாட்டி உங்களிடம் சொன்னதை நானும் கேட்டேன். ஒவ்வொரு பேட்டரியாக மாற்றிப் பார்த்தாளாம். கடைசியில் ஒன்றைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துச் சூடாக்கிப் போட்டாளாம். விளக்கு ஒரு கணம் எரிந்து அணைந்ததாம். அதிலும் பச்சை டேப் இருந்திருக்கும். அவள் வேறு எதையும் எடுத்துப்போக மாட்டாள்.

பிறகு மேகம் மூடிவிட்டது. சத்தம் இல்லையே என்று ஹைகல் பனிப்புயலில் ஏறிப் போனார். அவருக்கு இரண்டு விரல் போனது. அவர் போய்ச் சேர்ந்தபோது அவள் இல்லை.

நீங்கள் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். ஆபத்து வரலாம் என்று தோன்றவில்லையா என்று. தோன்றியது. டேப்பைக் கிழித்துக் கையில் வைத்திருந்தபோது தோன்றியது. யாருக்காவது உடம்புக்கு வந்தால், அப்போது ரேடியோ பேசாவிட்டால் என்று. கோல்ட் ரூம் கட்டுகிறவன் சார், உள்ளே மாட்டிக்கொள்கிறவனைப் பற்றி யோசிக்காமல் ஒரு கதவைக்கூட நான் போட்டதில்லை. யோசித்தேன். யோசித்துவிட்டு ஒட்டினேன்.

உடலைக் கொண்டுவந்தார்கள். ஈப்போவில் எரித்தோம். கருமாதிக்கு ஹைகல் வந்தார், கையில் கட்டோடு. வாசலிலேயே நின்றார். "அண்ணே, பேட்டரி என் பொறுப்பு. என்ன மன்னிச்சிருங்க" என்றார். நான் அவர் தோளைத் தொட்டு, விடுங்க, விதி என்றேன். மன்னித்துவிட்டேன் என்றும் சொன்னேன். சொந்தக்காரர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மாமனார் விஸ்வநாதன் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க மனசு யாருக்கும் வராது மாப்பிள்ளை என்றார்.

அதோடு முடிந்திருக்கும். போன வாரம் அமல் வந்தார். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்தான் உட்கார்ந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஹைகல் உங்களிடம், பேட்டரிகளை நானே சோதித்தேன், நானே தவறவிட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றார். அது பொய் என்றார்.

"டேப் ஒட்டுனது நீங்கன்னு அவரு சொல்லவே இல்லண்ணே. ஒங்க பேரே வரக்கூடாதுங்குறாரு. 'பொண்டாட்டியப் பறிகொடுத்த மனுஷன்ட்ட போயி, உங்க கைதவறுனதாலதான் செத்தாங்கன்னு எப்படிச் சொல்றது? அதக் கேட்டா அவரு உசுரோட இருப்பாரா?' இதையேதான் திரும்பத் திரும்பக் கேக்குறாரு. ஆனா வேலை போயிரும்ணே. அந்தக் கைய வெச்சுக்கிட்டு வேற என்ன வேலைக்குப் போவாரு? நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க. தவறிப்போச்சுன்னு மட்டும். யாரும் ஒங்களக் குத்தம் சொல்ல மாட்டாங்க."

"தவறல" என்றேன்.

"என்னண்ணே?"

"நான் தப்பா ஒட்டல அமல். எனக்கு அதுல தப்பு வராது."

அவருக்குப் புரிய நேரம் எடுத்தது. பிறகு எழுந்தார். கத்தவில்லை. கழுத்துச் சங்கிலியைக் கையால் பொத்திக்கொண்டு, பின்னாலேயே நகர்ந்து வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு காருக்குப் போனார். அவரை நான் பயமுறுத்த நினைக்கவில்லை. இத்தனை வருஷம் நான் ஒட்டிய டேப்பில் ஒன்றுகூடப் பிசகியதில்லை. கவனமில்லாத ஆள் என்று என் பெயர் எங்கேயும் பேசப்படுவதில் எனக்கு விருப்பம் இல்லை, இரக்கப்பட்டுப் பேசினாலும் சரி. அதனால்தான் உங்களுக்கு ஃபோன் செய்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள் சார். தாங்காத பேட்டரிகள் எவை என்று தெரிந்தே அவற்றில் டேப் ஒட்டினேன். அவை மேலே என் மனைவியின் கைக்குப் போகும் என்று தெரியும். அவள் அவற்றை நம்புவாள் என்று தெரியும். ஹைகலுக்கு இதில் எதுவும் தெரியாது. போலீஸில் சொல்ல வேண்டும் என்றால் உங்கள் மோட்டாருக்குப் பின்னாலேயே வந்துவிடுகிறேன். காஸ் சிலிண்டரை மூடிவிட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இதைக் கோபத்தில் சொல்வதாக நினைக்க வேண்டாம், எனக்குக் கோபம் வந்து நாளாகிறது. ஹைகல் எனக்கு உறவில்லை, நண்பர்கூட இல்லை. அப்படிப்பட்டவர் என் பெயர் வெளியே வராமலிருக்கத் தன் வேலையை, தன் பெயரை, தன் வீட்டுச் சோற்றை விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்திருக்கிறார். அமல் அதை நல்ல மனசு என்கிறார். நீங்கள் விசாரிக்கத் தெரிந்தவர். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து நிதானமாகக் கேளுங்கள். அவர்களுக்குள் ஒன்றுமே இல்லையென்றால், அந்த மனிதர் எனக்காக ஏன் இவ்வளவு செய்ய வேண்டும்?